தாத்தா, நீங்க ஓடுங்க!

கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கிப் பெட்டியைக் கீழே வைத்ததுதான் தாமதம், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் "தாத்தா, வாங்க தாத்தா" என்றது. யாரோ பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டேன். "தாத்தா, ஒங்களத்தான்" என்று குரல் மறுபடி வந்தது. திரும்பினால், நாற்பது வயது மதிக்கத்தக்க தாடிக்காரர் ஒருவர் கார் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கார் எப்போது வந்து நின்றது என்றே தெரியவில்லை. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தலையில் நரை உண்டு, எல்லாம் சரி. ஆனாலும் நான் ஒரு பெண். என்னைத் தாத்தா ஆக்கிய முதல் மனிதர் அவர்தான்.

அவர் பெயர் ரிஸ்மி. என் தோழி ஃபரீதாவின் தம்பி. அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது இலங்கை முஸ்லிம்களில் பலருடைய வழக்கம் என்பதைக் காரில் ஏறியபின் அவரே விளக்கினார். இந்தப் பக்கத்தில் பலர் ராத்தா என்பார்களாம். ஃபரீதாவின் உம்மா கண்டிப் பக்கத்துக்காரர் என்பதால் அந்த வீட்டில் மட்டும் தாத்தா. அக்காவின் தோழியும் அக்காதானே என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார்.

ஃபரீதாவும் நானும் தோஹாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், நான் கணக்கு எழுதினேன். இப்போது அவள் கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில், நான் கோயம்புத்தூரில். மகளுக்குக் கல்யாணம் என்று அழைத்தவள், கூடவே இன்னொன்றும் சொன்னாள். "சுமதி, வந்து எங்கட தம்பிர கறண்டுக் காரை ரெண்டு நாள் வச்சிப் பாருங்க. மறுகா முடிவெடுங்க."

மறுகா என்றால் பிறகு. அந்த முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கார் ஓட்டுவது என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோத்தகிரி மலைப்பாதையில் ஏறி இறங்கினால்தான் எனக்கு அந்த வாரம் முடியும். எந்த வளைவுக்கு எந்த கியர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்ஜின் சத்தம் ஏறுகிற சுதி பார்த்துத்தான் கியர் மாற்றுவேன், மீட்டரைப் பார்த்து அல்ல. போன வருடம் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. டாக்டர் நல்லவர், ஆனால் ஈவிரக்கம் இல்லாதவர். "நடங்க, மாடி ஏறுங்க. ஓட வேண்டாம், கிளட்ச் மிதிக்கவே வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் உடனே ஒரு மின்சாரக் காரைப் பார்த்துவைத்தார். அவர் ஓட்டினால் சைக்கிள்காரர் மணியடித்து முந்திப்போவார், அவருக்கு எந்தக் காரும் ஒன்றுதான். கடைக்காரர்கள் அவிநாசி சாலை நெரிசலில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். லிஃப்டில் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் என் பெட்ரோல் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போய் வந்து பதில் சொல்கிறேன் என்றேன். வெளியே சாதாரணமாகப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் பயம். கியர் தானே மாறுகிற பெட்ரோல் காரை முன்பே ஓட்டிப் பார்த்து வெறுத்திருந்தேன். மின்சாரக் காரும் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் மிச்சக் காலம் முழுக்க அடுத்தவர் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார வேண்டியதுதான். ஓட்டாத என்னை எனக்கே பிடிக்குமா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் கல்முனைக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ரிஸ்மியிடம் கொட்டிவிட்டேன். கடைத்தெருவில்தான் அவருடைய ஹார்ட்வேர் கடை இருக்கிறது. கேட்டுக்கொண்டே வந்தவர் கடை வாசலில் காரை ஓரம் கட்டி இறங்கி, என் பக்கக் கதவைத் திறந்து, "தாத்தா, நீங்க ஓடுங்க" என்றார்.

"ஐயோ, நான் ஓடக் கூடாதுங்க. இப்பத்தானே சொன்னேன்!"

"கார் ஓடக் கூடாதெண்டா டொக்டர் சொன்ன? மறுகா என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நான் முழங்காலைக் காட்டினேன். அவர் ஸ்டியரிங்கைக் காட்டினார். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று எங்களைப் பார்த்தார்கள். அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் கோயம்புத்தூரில் கார் ஓட்டுவோம். இவர்கள் கார் ஓடுவார்கள். பஸ் ஓடுகிறவர், லாரி ஓடுகிறவர், சைக்கிள் ஓடப் பழகுகிற பிள்ளை என்று எல்லாமே ஓட்டம்தான். நம்மூரில் வண்டி ஓடும், ஆள் உட்கார்ந்திருப்பார். இங்கே ஆளே ஓடுகிறார். தாத்தா என்றால் அக்கா, ஓடுங்க என்றால் ஓட்டுங்கள். நான் சிரித்த சிரிப்பில் கடைக்குள்ளிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலை ஓட்டவில்லை. கல்யாண வீட்டில் இறங்கியதும் இடியப்பம், சொதி, அறுக்குளா மீன் ஆணம் என்று வரிசையாக வந்துவிட்டன. ஆணம் என்றால் குழம்பு. அறுக்குளா என்பது நம்மூர் வஞ்சிரம். தேங்காய்ப்பால் சேராத பதார்த்தம் எதுவும் இந்தக் கரையில் இல்லை போலிருக்கிறது. சாம்பார் இல்லாமல் எனக்கு ஒரு வேளை இறங்காது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மூன்றாவது முறை இடியப்பம் கேட்டபோது அந்தப் பேச்சு என் நினைவில் இல்லை.

சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதும் மாமியிடம் இருந்தது. மாமி என்றால் ஃபரீதாவுடைய வாப்பாவின் தங்கை. குரலும் உருவமும் பெரியவை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பொத்துவிலில் இருந்து எருமைத் தயிர் வரவேண்டும் என்றும், லாரியில் வந்தால் குலுங்கித் தண்ணீர் விட்டுவிடுகிறது என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு நானும் தாத்தாவும் என் காரிலேயே போய் எடுத்து வருகிறோம் என்றார் ரிஸ்மி.

"எடுத்துக்கு வா. தயிர் ஒடைஞ்சி வந்திச்செண்டா ஒண்ட காரை நான் ஒடைப்பன்" என்றார் மாமி.

மறுநாள் காலையில் ரிஸ்மி காரைச் சுற்றி வந்து ஒருமுறை தலையில் கைவைத்தார். இரவெல்லாம் சார்ஜ் ஏறியிருக்க வேண்டிய காரில் பாதிதான் ஏறியிருந்தது. சுவரில் காருக்கான பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதில் சோடனை விளக்குச் சரத்தை மாட்டியிருந்தார்கள். செய்தவர் மாமியேதான். வருத்தம் துளியும் இல்லை. "ஒரு சாமான் ராவு முழுக்கக் கறண்டைக் குடிச்சிக்கிருந்தா ஆரு பாத்துக்கிருப்பா? படுக்கிற நேரம் எல்லாத்தையும் ஓஃப் பண்ணத்தானே வேணும்!" விளக்குச் சரம் மட்டும் விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது. அது கல்யாண வீட்டு விளக்கு, அணைக்கக் கூடாதாம்.

"போய்வரக் காணும் தாத்தா, பயப்புடாதீங்க" என்றார் ரிஸ்மி. போதும் என்பதை இங்கே காணும் என்கிறார்கள். நான் அதை எதையோ காணப்போகிறோம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வகையில் அதுவும் சரியாகப் போயிற்று.

அக்கரைப்பற்று வரை அவர் ஓட்டினார். அங்கே ஒரு கடையில் பிளேன்டீயும் இறைச்சி ரொட்டியும். எனக்கு மட்டும் மீன் ரொட்டி. பக்கத்து மேசையில் இரண்டு பேர் எங்கள் காரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கறண்டு போனா இவரு என்ன செய்வாரு?"

"பெற்றோல் இல்லாமப் போன காலத்தில நீ என்ன செஞ்ச?"

"லைன்ல நிண்டன்."

"நீ நிண்ட. இவரு ஊட்டுல படுத்தாரு."

முதல் ஆள் இன்னொரு ரொட்டி சொன்னார். ரிஸ்மி என்னிடம் குனிந்து, தானும் அன்றைக்கு லைனில் நின்ற ஆள்தான் என்றார். அவரிடம் அப்போது ஒரு பழைய ஜப்பான் கார் இருந்ததாம், கியர் வண்டி, சத்தத்துக்கே ஊர் திரும்பிப் பார்க்குமாம். பெட்ரோலுக்காக நாட்கணக்கில் அதைத் தள்ளித் தள்ளியே வரிசையில் நகர்த்தியதில் வெறுத்துப்போய் விற்றுவிட்டார். விற்ற அன்றைக்கு அழுதீர்களா என்று கேட்டேன். "ஓம்" என்றார் சாதாரணமாக.

அக்கரைப்பற்றைத் தாண்டியதும் இடம் மாறினோம். நேரான ரோடு, இரண்டு பக்கமும் வயல், அங்கங்கே மாடுகள். எங்கள் ஊரில் இப்படி ஒரு ரோடு கிடைத்தால் மறுநாளே நாலு வேகத்தடை போட்டுவிடுவார்கள். கார் புறப்பட்டு வேகம் எடுத்ததும் என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போயிற்று. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பிரேக்தான் இருந்தது. மிதித்தேன். கார் நட்டுவைத்தது போல் நின்றது. ரிஸ்மியின் நெற்றி கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் போய் நின்றது, என் முழங்காலில் சுரீரென்று வலி.

"நல்ல வேளை, தயிர் இன்னும் ஏத்தல்ல" என்றார் ரிஸ்மி. பிறகு, "அந்தக் காலுக்கு இஞ்ச வேலையில்ல தாத்தா. மடக்கி அங்கால வைங்க" என்றார்.

மடக்கி வைத்தேன். முப்பது வருடம் உழைத்த காலை வேலையை விட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது. பிறகு வலது காலை முழுதாக அழுத்தினேன். யாரோ முதுகைப் பிடித்து இருக்கைக்குள் தள்ளினார்கள். வயல், மாடு, தந்திக் கம்பம் எல்லாம் ஒரே கோடாகப் போயின. என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரியும்.

மறுபடி செய்தேன். மறுபடியும். மூன்றாவது தடவை சலித்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? தள்ளுகிறது, நன்றாகத் தள்ளுகிறது. ஆனால் ஏறி ஏறிப் போய் உச்சத்தில் கியர் மாற்றுகிற அந்தத் தவிப்பு இல்லை. பட்டனைத் தட்டினால் பாட்டு வருகிற மாதிரி வேகம் வருகிறது. "இந்தக் கார் எங்கிட்ட பேசவே மாட்டேங்குதுங்க" என்றேன்.

"ஓம், இது கதைக்காது" என்றவர் திரையில் எதையோ தட்டினார். உடனே ஸ்பீக்கரில் இருந்து ஒரு பந்தயக் காரின் இன்ஜின் உறுமியது. காலை எடுத்தால் உறுமல் இறங்குகிறது, அழுத்தினால் ஏறுகிறது. எனக்கு வந்த கோபத்தில், "நிறுத்துங்க அதை! செத்துப்போனவங்க குரல்ல மிமிக்ரி பண்ற மாதிரி இருக்குது" என்று கத்திவிட்டேன். நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்த நிசப்தம் அத்தனை மோசமாகத் தெரியவில்லை. டயருக்கடியில் மணல் நெரிவதும் வயலில் தண்ணீர் பாய்வதும்கூடக் கேட்டன.

என் ஆட்டத்தில் சார்ஜ் கரைந்துகொண்டிருந்தது. ரிஸ்மி கையை நீட்டி ஏசியை மட்டும் அணைத்தார். பொத்துவில் எல்லையில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்திச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வருகிறீர்களே, வண்டியில் கோளாறா என்று கேட்டாராம். மின்சாரக் கார் என்று சொன்னதும் எட்டிப் பார்த்து, மலையில் ஏறுமா என்றாராம். நானும் அதைத்தான் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்று ரிஸ்மியைச் சொல்லச் சொன்னேன். சொன்னாரா தெரியவில்லை, போலீஸ்காரர் சிரித்துவிட்டு அனுப்பினார்.

எருமை மந்தை வைத்திருக்கிறவர் வீட்டு முற்றத்தில் தயிர்ச் சட்டிகள் தயாராக இருந்தன. மண்சட்டியில் உறையவைத்து, வாயைத் தாளால் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு தட்டில் தயிரும் மேலே பாணியும் ஊற்றித் தந்தார்கள். பாணி என்பது கித்துல் பனையின் பதநீரைக் காய்ச்சியது. கத்தியால் வெட்டி எடுக்கலாம் போன்ற தயிர். நம்மூர்த் தயிரை நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு டிக்கியிலும் பின் இருக்கையிலும் வைக்கோல் பரப்பிச் சட்டிகளை அடுக்கினோம். மணமகளுக்கென்று தனியாக உறையவைத்த சின்னச் சட்டியை ரிஸ்மி மடியில் வைத்துக்கொண்டார். "நான் இதப் புடிச்சிக்கிருக்கன். நீங்க ஓடுங்க தாத்தா."

இந்தத் தடவை எதற்கும் அர்த்தம் கேட்கவில்லை.

பின்னால் தயிர் இருக்கிறது என்றதும் என் கை கால் எல்லாம் வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கின. வேகப் பிரியர்கள் என்றால் குலுக்கிப் போடுகிறவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மலைப்பாதையில் நான் பறக்கும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வருவார். அவர் விழிக்காமல் மேலே போய்ச் சேர்ந்தால்தான் அன்றைக்கு நன்றாக ஓட்டினேன் என்று எடுத்துக்கொள்வேன். கியர் வண்டியில் அதற்கு இரண்டு காலும் ஒரு கையும் ஒன்றுசேர வேண்டும். இதில் வலது காலின் கட்டைவிரல் ஒன்று போதுமாக இருந்தது. கொஞ்சம் தளர்த்தினால் காரே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. மயிரிழை அழுத்தினால் மயிரிழை நகர்கிறது. பள்ளம் வருகிறதா, தளர்த்து. தாண்டியதா, கொடு. எனக்கும் ரோட்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. சட்டிகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். இன்ஜின் சத்தம் இருந்திருந்தால் அது கேட்டிருக்காது. அடப்பாவி, இது கதைக்கத்தான் செய்கிறது, நான்தான் கேட்கவில்லை என்று முதல் முறையாகத் தோன்றியது.

கோமாரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முழங்கால் விறைத்துக்கொண்டது. நிழலாகப் பார்த்துக் காரை நிறுத்தி இறங்கினேன். ஒரு பக்கம் களப்பு, நம்மூரில் காயல் என்போம். மறுபக்கம் புதர் மண்டிய பற்றைக்காடு. ரோட்டில் ஒரு ஜீவன் இல்லை. காரைத் தாண்டி முன்னால் பத்து எட்டு நடந்து, களப்பைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டி மடக்கினேன். காற்று சுகமாக இருந்தது.

"தாத்தா."

ரிஸ்மியின் குரல் வழக்கமாக வருகிற மாதிரி இல்லை. மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஓடாதீங்க. மெல்ல வாங்க. வந்து ஏறி ஓடுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடக் கூடாதா, ஓட வேண்டுமா? காரை எடுக்க வேண்டாம் என்கிறாரா, எடுக்கச் சொல்கிறாரா? விளக்கம் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன். பற்றைக்காட்டை விலக்கிக்கொண்டு ஒற்றை யானை எங்களுக்கு முன்னால் ரோட்டில் ஏறி நின்றது. காதை விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடாதே என்று டாக்டர் சொன்னது, ஓடாதே என்று ரிஸ்மி சொன்னது, ஓடு என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டன. கடவுள் புண்ணியத்தில் கால்கள் யார் பேச்சையும் கேட்காமல் மெதுவாக நடந்தன. கதவு திறந்தே இருந்தது. உட்கார்ந்தேன். யானை முன்னால் இரண்டு எட்டு வைத்தது, ஒரு முறை பிளிறியது. அந்தச் சத்தத்தில் ரிஸ்மி துள்ளியதில் மடியிலிருந்த மணமகள் தயிர் அவர் சட்டை, கட்டியிருந்த சாரம், தாடி எல்லாவற்றிலும் கவிழ்ந்தது.

சாவி திருக வேண்டியதில்லை, இன்ஜின் இருமிக் கிளம்பக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்கியரில் போட்டுக் காலை வைத்தேன். ஊம் என்று மெல்லிய ஒலியோடு கார் பின்னால் போயிற்று, நான் கேட்ட அளவு, கேட்ட அந்த நொடியில். கண்ணாடிகளைப் பார்த்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். யானை சிறியதாகிக்கொண்டே போனது. சட்டிகள் முட்டுகிற சத்தம் இல்லை. என் பெட்ரோல் காராக இருந்தால் இந்நேரம் இடது காலைத் தூக்கிக் கிளட்சில் வைத்திருக்க வேண்டும், அது மக்கர் செய்திருக்கும், இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

வெகுதூரம் பின்னால் வந்து நிறுத்தினேன். யானை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, களப்புப் பக்கம் இறங்கிப் போயிற்று. ரிஸ்மி தாடியில் இருந்த தயிரைத் துடைக்காமல் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "மாஷா அல்லாஹ் தாத்தா, என்னா மாதிரி ஓடின நீங்க!"

ஆமாம், ஓடினேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாக ஓடினேன். காரை ஓட்டினேன் என்று சொன்னால் அது பொய். பயந்த உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போக நினைத்ததோ அந்தப் பக்கம் அவ்வளவு வேகத்தில் போயிற்று, நடுவில் இருந்த இரும்பு தெரியவே இல்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். யானைக்குப் பயந்து அழுகிறேன் என்று ரிஸ்மி தண்ணீர் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

யானையிடம் தப்பினோமே தவிர, சார்ஜிடம் தப்பவில்லை. தம்பிலுவில் ஊரை எட்டும்போது திரை சிவப்பாகிவிட்டது. ரிஸ்மியின் கடையில் சாமான் வாங்குகிற தங்கமலர் என்ற அம்மாவின் வீடு அங்கே இருந்தது. அவர் கணவர் மீன்பிடிக்கிறவர். மீன் வைக்கிற பெரிய குளிர்ப்பெட்டிக்கென்று வீட்டில் தடித்த பிளக் போட்டிருந்தார்கள். தாடியில் தயிரோடு ஒருவரும் கண் சிவந்த ஒருத்தியும் வாசலில் நின்று கறண்டு கேட்டால் என்ன நினைப்பார்கள்? தங்கமலர் ஒன்றும் நினைக்கவில்லை. "கறண்டுதானே, எடுங்க. இரிங்க அக்கா" என்று நாற்காலி போட்டார். குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காருடையதை மாட்டினார். பிறகு சோறும் சூடைமீன் சொதியும் போட்டார். சாப்பிடும்போது காரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மாடு தண்ணி குடிக்கிற மாதிரி எவ்வளவு நேரமா நிக்கிது கா! பெற்றோல் கார் எண்டா இவ்வளவு நேரம் இருந்து என்னோட கதைச்சிருப்பீங்களா?" என்றார்.

காத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அந்த நேரத்தில் என்னென்ன போகும் என்று மனதில் எண்ணிப் பார்த்தேன். சுதி ஏறுகிற சத்தம் போகும். வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குகிற சுகம் போகும். அதற்காகத் துக்கப்பட்டேன், நன்றாகவே துக்கப்பட்டேன். ஆனால் கோயம்புத்தூரில் இருந்து தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பயம் மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை.

மூன்றாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கார் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை அழைத்துவரப் போயிருந்த ரிஸ்மியின் கார் மட்டும் அதில் சத்தமில்லாமல் வந்தது. பெண்கள் பக்கத்தில், சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தைச் சுற்றிப் பல பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். வீட்டில் என் தட்டில் யாராவது கை வைத்தால் பிடிக்காது. இங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பங்குக் கோழியை எடுத்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார், நானும் கூச்சமில்லாமல் தின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் தயிர் வந்தது. மாமி ஒவ்வொரு சட்டியாகத் தாளைப் பிரித்து, சாய்த்துப் பார்த்தார். தண்ணீர் விடவில்லை, மேல் ஏடு கீறாமல் இருந்தது. மணமகளுடைய சட்டி எங்கே என்று கேட்டபோது ரிஸ்மி ஆண்கள் பக்கம் நழுவிவிட்டார். "ஆரு கார் ஓடின?" என்று கேட்டார் மாமி. ஃபரீதா என்னைக் காட்டினாள். மாமி என்னை மேலும் கீழும் பார்த்து, முழங்காலில் பார்வையை நிறுத்தி, "இன்னம் ரெண்டு கல்யாணம் கெடக்கு. அதுக்கும் வாங்க" என்றார்.

அன்று மாலை வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். யானையைப் பற்றிச் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். "நம்ம வண்டியை, தெருவுல கேட்டாரே, அவருக்குக் கொடுத்துடலாங்க. கரண்ட் கார் எனக்குச் சரியா வரும். நானே ஓட்டிக்குவேன்" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்.

"சொல்லுங்க."

"உனக்கு அது பிடிக்காமப் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை மலைக்கு உன்னை யாரு கூட்டிட்டுப் போறதுன்னு, நீ கிளம்பின நாள்ல இருந்து உன் வண்டியில கோத்தகிரி ஏறிப் பழகிட்டிருந்தேன். ரெண்டாவது வளைவுலயே நின்னு நின்னு போகுது. பின்னாடி பஸ்காரன் கண்டபடி திட்டறான். நேத்து கிளட்ச் தீஞ்ச வாசம் வேற வந்துது."

அந்த வண்டியில் அவர் கை வைக்க நான் ஒருநாளும் விட்டதில்லை. வேறு சமயமாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். இப்போது பொங்கி வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் முட்டியது, என்ன ஏது என்று ஃபரீதா ஓடிவந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு, "பரவால்லீங்க. புதுக் கிளட்ச் போட்டே கொடுத்துடலாம். நீங்க மலைக்குப் போக வேண்டாம்" என்றேன்.

அவர் விட்ட பெருமூச்சு கடல் தாண்டிக் கேட்டது.